ஃபெரட்டைக் கிபிளிலிருந்து பச்சை இறைச்சிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம் இருக்கிறேன். வீட்டில் ஃபெரட் வளர்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து லண்டன், டொராண்டோ என்று எங்கெங்கோ இருக்கிற தமிழ் நண்பர்கள் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசி சாப்பாடு பற்றியதுதான். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. உங்கள் ஃபெரட்டுக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் இருந்தால் இதைப் படிப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

ஃபெரட் என்றால் கீரிதானே?

பார்க்கக் கீரி மாதிரி இருக்கும், ஆனால் சொந்தமில்லை. நீர்நாய், மிங்க் இவற்றின் குடும்பம். ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கைப் பழக்கி வீட்டு விலங்காக்கியதுதான் ஃபெரட். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியல் எழுத்தாளர், ஸ்பெயின் பக்கம் முயல் வளைக்குள் ஏதோ ஒரு சின்ன வேட்டை விலங்கை விட்டு முயலை விரட்டியதை எழுதிவைத்திருக்கிறார், அது ஃபெரட்டாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். யார்க்‌ஷயரில் இன்றைக்கும் முயல் பிடிக்க ஃபெரட் வளர்க்கிறவர்கள் உண்டு. முயலைப் பிடிக்கிற விலங்கு முயலைத் தின்னும், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கடையில் ஃபெரட் படம் போட்டே கிபிள் (உலர்ந்த உருண்டைத் தீனி) விற்கிறார்கள். அதில் என்ன குறை?

கிபிள் விஷம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. நல்ல கிபிளைத் தின்று ஏழெட்டு வயதுவரை ஓடியாடிய ஃபெரட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபெரட்டின் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கிபிள் அதற்கு ஏன் இயல்பான சாப்பாடு இல்லை என்பது புரிந்துவிடும். குடல் ரொம்பக் குட்டை, குருட்டுக்குடல் என்ற பகுதியே கிடையாது, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நார்ச்சத்தை உடைக்க அங்கே நேரமும் இல்லை, வசதியும் இல்லை. பின்பற்கள் கறியைக் கத்தரிப்பதற்காக அமைந்தவை, அரைப்பதற்காக இல்லை. கிபிளோ மாவுச்சத்து இல்லாமல் உருண்டையாக வராது, இயந்திரத்தில் அழுத்திச் சூடேற்றி உப்பவைத்தெடுக்க ஏதாவது ஒரு தானியமோ கிழங்கோ பட்டாணியோ உள்ளே இருந்தாக வேண்டும். உறையின் முன்பக்கம் என்ன படம் இருந்தாலும் சரி, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

'தானியம் இல்லாதது' என்று விற்கிறவற்றில் தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு வகைகளைச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் ஃபெரட்டுகளின் சிறுநீர்ப்பையில் சிஸ்டின் என்ற அமினோ அமிலம் சேர்ந்து உருவாகும் கற்கள் சமீப ஆண்டுகளில் அதிகம் தெரிய வந்தபோது, மருத்துவர்களின் சந்தேகம் இந்தப் பயறு வகைகள் மீதுதான் விழுந்தது.

அப்புறம் எல்லோரும் கேட்கிற இன்சுலினோமா. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களில் வரும் கட்டி இது, மூன்று நான்கு வயதைத் தாண்டிய ஃபெரட்டுகளுக்கு அடிக்கடி வருகிறது. வாழ்நாள் முழுக்க மாவுச்சத்து தின்பதுதான் காரணம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அப்படி நிரூபணமாகவில்லை. சந்தேகப்பட நியாயம் இருக்கிறது, அவ்வளவுதான். பச்சை இறைச்சிக்கு மாற்றினால் இன்சுலினோமாவே வராது என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள்.

எந்த வயதில் மாற்றுவது?

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. ஃபெரட்டுக்கு எது சாப்பாடு என்பதை மூக்குதான் முடிவு செய்கிறது. அந்த மூக்கு பாடம் படிப்பது குட்டிப் பருவத்தில், முக்கியமாக இரண்டு மூன்று மாத வயதில். அப்போது முகர்ந்துபார்த்த வாசனைகள்தான் பிற்பாடு அதற்குச் சாப்பாடு, மற்றதெல்லாம் ஏதோ ஒரு பொருள். ஆறு மாதம் வரை ஒரே பிராண்ட் கிபிளை மட்டும் பார்த்த ஃபெரட் முன்னால் முயல்கறியை வைத்தால், முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேல் ஏறி நடந்துபோகும். பசி இல்லாததால் அல்ல, அது தின்கிற பொருள் என்றே அதற்குத் தெரியாது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பிடிவாதம் பிடிக்கிறது என்று அதன்மேல் கோபப்பட மாட்டீர்கள்.

பெரியவற்றை மாற்ற முடியாது என்றில்லை, நாள் பிடிக்கும். குட்டிகள் சில நாளில் மாறிவிடும். நாலு வயது ஃபெரட்டுக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

கோழி நெஞ்சுக்கறி வாங்கி வெட்டிப் போட்டால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இயற்கை உணவு என்றால் வெறும் கறி இல்லை, முழு இரை. காட்டில் போல்கேட் ஒரு முயலையோ எலியையோ தவளையையோ பிடித்தால் சதையோடு எலும்பு, ஈரல், இதயம், மூளை, ரத்தம், தோல் என்று பெரும்பாலானதைத் தின்றுவிடுகிறது. அதில் சதையை மட்டும் நாம் பிரித்தெடுத்துக் கொடுத்தால் மிச்சத்தில் இருந்த சத்தெல்லாம் போய்விடும். சதையில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் அதில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. உடம்புக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் ஒரு பிடி கூடுதலாக வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். வளர்கிற குட்டிக்கு இப்படி நடந்தால் கால் வளையும், எலும்பு முறியும். வெறும் கறி போட்டு வளர்ப்பதைவிட சுமாரான கிபிள் எவ்வளவோ மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழக்கத்தில் இருக்கிற கணக்கு ஒன்று உண்டு: எண்பது பங்கு சதை, பத்துப் பங்கு எலும்பு, ஐந்து பங்கு ஈரல், ஐந்து பங்கு வேறு உள்ளுறுப்பு. சதை என்பதில் இதயமும் அடங்கும், அது கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் டாரின் என்ற சத்து அதில்தான் நிறைய. டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்துபோகலாம். கறியை அரைத்து நாள்கணக்கில் ஃப்ரீசரில் வைத்தால் டாரின் குறையும் என்பதால், அரைத்த கறியையே நம்பி இருக்கிறவர்கள் இதயத்தை இன்னும் தாராளமாகச் சேர்ப்பது நல்லது.

சுமார் ஒரு கிலோ எடையுள்ள ஃபெரட் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உடல் எடையில் ஆறு சதவீதம் என்று வைத்தால் நாளைக்கு 60 கிராம், வாரத்துக்கு 420 கிராம். அதில் கோழி இறக்கை 100 கிராம் (இறக்கையில் ஏறத்தாழப் பாதி எலும்புதான்), ஈரல் 20 கிராம், ஆட்டுச் சுவரொட்டியோ (மண்ணீரல்) குண்டிக்காயோ 20 கிராம், இதயம் 50 கிராம், மீதி 230 கிராம் சதை. ஒவ்வொரு வேளையும் தராசு வைத்து நிறுக்க வேண்டாம், வாரக் கணக்கில் சரியாக வந்தால் போதும். ஆனால் ஒரே விலங்கின் கறியாக இருக்கக் கூடாது, மூன்று வகையாவது மாற்றி மாற்றி வர வேண்டும்.

கோழியின் கற்குடல் உள்ளுறுப்புக் கணக்கில் வராது, அது சதை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஈரல் நல்லது என்பதற்காக அள்ளிப் போடவும் கூடாது, வைட்டமின் ஏ மிஞ்சிப்போய் அது வேறு வம்பு.

எலும்பு தொண்டையில் சிக்காதா?

வேகாத எலும்பு வளைந்து நொறுங்கும், வெந்த எலும்பு ஊசியாகச் சிலாம்பும். அதனால் குழம்பில் போட்ட எலும்பை எந்தக் காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் வேறு ரத்தத்தைக் கெடுக்கும். பச்சையாகக் கோழி இறக்கை, கழுத்து, காடை, முயல் விலா எல்லாம் சரி. மாட்டுக் கால் எலும்பு மாதிரி பாரம் தாங்குகிற பெரிய எலும்பு வேண்டாம், பல் உடையும். எலும்பே பழகாத ஃபெரட்டுக்குத் தாடையில் பலம் இருக்காது, முதலில் இறக்கை நுனியை நசுக்கிக் கொடுத்துப் பழக்குங்கள். தின்னும்போது பக்கத்தில் இருங்கள்.

எலும்பு கொடுக்கவே பயமாக இருக்கிறது என்றால் முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாகப் பொடித்து, அரைக் கிலோ எலும்பில்லாத கறிக்கு அரைத் தேக்கரண்டி வீதம் கலக்கலாம். கால்சியம் கிடைத்துவிடும், பல் சுத்தமாவது கிடைக்காது.

முழு எலி, கோழிக்குஞ்சு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களே? எங்கள் வீட்டில் அம்மா சைவம், ஃப்ரீசரைத் திறந்தால் எலி இருந்தால் என்ன ஆகும்!

அதற்குத் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கி ஷெட்டில் வையுங்கள், வீட்டில் சமாதானம் நிலவும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இங்கே பலர் செய்வதே அதுதான்.

முழு இரை கொடுப்பதில் பெரிய வசதி, கணக்கே போட வேண்டாம். ஒரு சுண்டெலியில் சதை, எலும்பு, உறுப்பு, ரோமம் எல்லாம் இயற்கை போட்ட அளவிலேயே இருக்கிறது. வெறும் சதையில் குறைவாக இருக்கிற மாங்கனீசு மாதிரியானவையும் அதில் வந்துவிடும். பாம்பு, ஆந்தை வளர்க்கிறவர்களுக்காக இங்கே உறைந்த எலி, சுண்டெலி, ஒருநாள் குஞ்சு விற்கிறார்கள், அதையே வாங்கலாம். குஞ்சு மலிவு, ஆனால் அதை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள், எலும்பு இன்னும் முற்றாத உயிர் அது.

தோட்டத்தில் பிடிபட்ட எலி வேண்டவே வேண்டாம். எங்கே என்ன எலிமருந்து தின்றதோ தெரியாது. சுட்ட முயல் யாராவது கொடுத்தால் ஈயக் குண்டு இருக்கிறதா என்று பார்த்துக் காயப் பகுதியை வெட்டி எறியுங்கள். உயிரோடு இரை விடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. இரைக்கு வேதனை, ஃபெரட்டுக்குக் கடி, உங்களுக்கு 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி வழக்கு.

நாளைக்கு எவ்வளவு, எத்தனை வேளை?

உடல் எடையில் ஐந்திலிருந்து ஏழு சதவீதம் என்பது ஆரம்பக் கணக்கு. வளர்கிற குட்டிக்கு இதைவிட நிறைய, அது கேட்கிற வரைக்கும் கொடுங்கள். ஃபெரட்டுகள் இலையுதிர் காலத்தில் கொழுத்து, வசந்தத்தில் மெலியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரேயடியாகத் தின்னாமல் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிற விலங்கு என்பதால் குறைந்தது மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். கறியில் ஏறக்குறைய எழுபது சதவீதம் தண்ணீர் என்பதால் தண்ணீர் குடிப்பது வெகுவாகக் குறையும், ஆனாலும் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.

சரி, எப்படித்தான் மாற்றுவது?

குட்டியாக இருந்தால் வம்பே இல்லை, கறியைப் போடுங்கள், அது பார்த்துக்கொள்ளும். கீழே சொல்வதெல்லாம் கிபிளில் ஊறிப்போன பெரிய ஃபெரட்டுக்கு.

முதல் வேலை சமையலறைத் தராசு ஒன்று வாங்குவது. ஃபெரட்டை ஒரு ஆழமான பாத்திரத்தில் உட்காரவைத்து ஆரம்ப எடையை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு வாரம் இரண்டு முறை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்துவிட்டால் மாற்றுவதை நிறுத்தி, பழைய சாப்பாட்டுக்கே திரும்ப வேண்டும். பருவத்தால் மெலிகிற வசந்தத்தில் ஆரம்பித்தால் இந்தக் கணக்கு குழம்பும், அதனால் நான் இலையுதிர் காலத்தைத்தான் சொல்வேன்.

அடுத்து, கிபிளை எடுக்காதீர்கள். அதை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். மொறுமொறுப்பாகத் தின்று பழகிய வாய்க்கு ஈரமான சாப்பாடே புதுசு, கறிக்கு முன்னால் அந்த ஈரம் பழக வேண்டும். ஊறிய கிபிள் சீக்கிரம் கெடும், சில மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

அது பழகியபின் அரைத்த கறியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கஞ்சி பதத்தில் வையுங்கள். வாசனை எழும்ப வேண்டும், அதற்குத்தான் சூடு, ஆனால் வேகிற சூடு கூடாது. தூங்கி எழுந்த உடனே, கொட்டாவி விட்டுக்கொண்டு பசியோடு வருகிற நேரம்தான் சரியான நேரம். விரலில் தொட்டு உதட்டில் தடவுங்கள். முதல் தடவை தலையை உதறி, உங்களைப் பகையாளி மாதிரி முறைத்துவிட்டுத் தரைவிரிப்பில் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்து இழுத்துத் துடைக்கும். துடைத்து முடித்து மீசையை நக்கும் பாருங்கள், அதுதான் வேண்டும். விடாமல் நாளைக்கு நாலு தடவை தடவுங்கள், வாயைப் பிளந்து திணிக்காதீர்கள். தானாக வந்து கிண்ணத்தில் நக்கத் தொடங்கியதும் ஊறிய கிபிளில் இந்தக் கஞ்சியைக் கலந்து, கிபிளைக் குறைத்துக் கறியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

சால்மன் எண்ணெய்க்கோ முட்டை மஞ்சள் கருவுக்கோ மயங்கும் ஃபெரட் என்றால் அதில் ரெண்டு சொட்டுக் கறியின்மேல் விடுங்கள். ஏற்கெனவே பச்சைக்கறி தின்கிற இன்னொரு ஃபெரட் வீட்டில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது, பக்கத்தில் ஒன்று கடித்து இழுப்பதைப் பார்த்தால் இதற்கும் ஆசை வரும்.

கஞ்சியைக் கெட்டியாக்கி, அரைத்த கறியாக்கி, பிறகு விரல் நக அளவுத் துண்டு, நீளக் கீற்று என்று போங்கள். கீற்றைப் பின்பல்லில் வைத்துத் தலையைச் சாய்த்து அறுக்க அது தானே கற்றுக்கொள்ளும். முதலில் ஒரே ஒரு வகைக் கறி. மலம் கெட்டியானதும் அடுத்த வகை. இதயம் சீக்கிரம் சேர்க்கலாம். எலும்பு தின்னத் தொடங்கும்வரை கஞ்சியில் முட்டை ஓட்டுப் பொடி. ஈரலைக் கடைசியில், பட்டாணி அளவில். முதல் நாளே ஈரலை அள்ளிக் கொடுத்துவிட்டு, பச்சைக்கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

தொடவே மாட்டேன் என்கிறது. ஒருநாள் பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

வராது, சில சமயம் உயிரே போகும். நாய் ஒருநாள் தின்னாமல் இருக்கலாம், ஃபெரட்டால் முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே இன்சுலினோமா தொடங்கியிருக்கிற ஃபெரட்டுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வெறித்துப் பார்ப்பது, எச்சில் வழிவது, வாயை முன்னங்காலால் பிறாண்டுவது, பின்னங்கால் துவண்டு இழுப்பது இதெல்லாம் அறிகுறி. பல் ஈறுகளில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ரொம்ப நேரம் தின்னாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிகிற ஆபத்தும் இருக்கிறது.

யாரெல்லாம் இதில் இறங்கக் கூடாது?

சினையாக இருக்கிற, பால் கொடுக்கிற பெண் ஃபெரட்டை இப்போது மாற்றாதீர்கள், குட்டிகள் பிரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம். இன்சுலினோமாவுக்கு மருந்து தின்பவை, ஸ்டீராய்டு எடுப்பவை, குடல்நோய் உள்ளவை மருத்துவர் சம்மதித்தால் மட்டும். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறவர் என்று யாராவது இருந்தால் நான் பச்சைக்கறி வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபெரட் நக்கும், அதன் பாதம் எல்லா இடத்திலும் படும்.

மலம் ஏன் இப்படி இருக்கிறது?

பச்சைக்கறிக்காரர்கள் சந்தித்தால் பேசுவதே இதைப் பற்றித்தான். நல்ல நிலையில் அளவு குறைவாக, அடர்பழுப்பாக, உருவத்தோடு இருக்கும், நாற்றமும் கிபிள் காலத்தைவிட வெகுவாகக் குறையும். வெளிறி, சுண்ணாம்பாக உதிர்ந்தால் எலும்பு அதிகம். கருத்து இளகி இருந்தால் உள்ளுறுப்பு அதிகம் அல்லது எலும்பு குறைவு. பச்சையாகச் சளியோடு வந்தால் வயிறு காலி, போதிய அளவு தின்னவில்லை என்று அர்த்தம். மாற்றுகிற நாட்களில் ஓரிரு முறை இப்படி வரலாம். ஒரு நாளைத் தாண்டினாலோ, உறுப்பு எதுவும் கொடுக்காதபோதே தார் மாதிரி கருப்பாக வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

கிருமி? பறவைக் காய்ச்சல்?

ஃபெரட்டின் வயிறு எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சால்மொனெல்லா, லிஸ்டீரியா, கேம்பிலோபாக்டர் எல்லாம் பச்சைக்கறியில் வரும். ஃபெரட் நோயில்லாமல் இருந்துகொண்டே மலத்தில் வெளியேற்றி உங்களுக்குக் கொடுக்கவும் முடியும். நமக்குக் கோழியை மஞ்சள்தூள் போட்டு அலசுகிற கை. இங்கே உணவுப் பாதுகாப்புத் துறை கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கிற தண்ணீரில் கிருமி சமையல் மேடை முழுக்கப் பரவும் என்று ஓயாமல் சொல்கிறது. ஃபெரட் கறியையும் கழுவ வேண்டாம். தனிப் பலகை, தனிக் கத்தி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பறவைக் காய்ச்சல் விஷயம் இன்னும் கனமானது. ஃப்ளூ வைரஸுக்கு ஃபெரட் அவ்வளவு எளிதாக இடம் கொடுக்கும். 1933இல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் மனிதர்களின் ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளின் துணையால்தான், இன்றைக்கும் ஃப்ளூ ஆராய்ச்சியில் அவைதான் முன்னணி விலங்கு. ஹெச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகை, ஃபெரட்டின் நெருங்கிய சொந்தமான மிங்க்குகளிடம் 2022இல் ஸ்பெயினில் ஒரு பண்ணையில் பரவியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் உறைந்த பச்சை வான்கோழி உணவு தின்ற பூனை ஒன்று இந்த வைரஸால் இறந்து, அந்த உணவைத் திரும்பப் பெற்றார்கள். உறைய வைத்தால் வைரஸ் சாகாது, பத்திரமாக இருக்கும். சூடுதான் கொல்லும்.

அதனால் என் நிலைப்பாடு இது: உங்கள் பகுதியில் பறவைக் காய்ச்சல் இருக்கிறது என்று செய்தி வந்தால், கோழி, வான்கோழி, வாத்து, காடை, குஞ்சு எதையும் பச்சையாகக் கொடுக்காதீர்கள். முயல், ஆடு, மாடு போதும். கோழியை விட்டால் வழியில்லை என்றால் அதை எலும்பு நீக்கி வேகவைத்து, முட்டை ஓட்டுப் பொடி கலந்து கொடுங்கள். இதைச் சொன்னால் இயற்கை உணவுக்காரர்களில் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மான்கறியும் யோசித்துத்தான். 2019இல் பிரிட்டனில் வெளியே போகாத வீட்டுப் பூனைகளுக்கே மாட்டுக் காசநோய் வந்தபோது, மான்கறி சேர்த்த ஒரு பச்சை உணவின்மேல்தான் சந்தேகம் விழுந்தது. நியூசிலாந்தில் காட்டில் திரியும் ஃபெரட்டுகள் அந்தக் காசநோயைச் சுமப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அங்கே அவை நோயுற்ற விலங்குகளின் பிணத்தைத் தின்றே அதை வாங்கிக்கொள்கின்றன.

பன்றி, மீன், முட்டை?

பன்றிக்கறி என்றால் ஆழ்ந்த உறைநிலையில் மூன்று வாரம் வைத்துக் கொடுங்கள், புழுவுக்காக. மீன் எப்போதாவது ஒரு துண்டு. சில மீன்களைப் பச்சையாக அடிக்கடி கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், எண்ணெய் மீன் மிகுந்தால் உடம்புக் கொழுப்பே வீங்கிக் கெடும். முட்டையில் மஞ்சள் கரு நல்லது, வாரம் ஒன்று. பச்சை வெள்ளைக் கரு தொடர்ந்து கொடுத்தால் பயோட்டின் என்ற வைட்டமினைத் தடுக்கும்.

சோறு, பால், பழம்?

வேண்டாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஃபெரட்டுக்குப் போடுவார்கள், வயிற்றுப்போக்கும் மெலிவுமாகத்தான் கிடந்தன. உலர்திராட்சையைக் கண்டால் பாய்ந்து வரும், அதற்காகக் கொடுக்காதீர்கள்.

கறியை எடுத்துக்கொண்டு எங்கேயோ ஓடிவிடுகிறது!

ஒளித்துவைக்கத்தான். கறித்துண்டைக் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடந்தே சோபாவுக்கு அடியில் இழுத்துப் போகும். கிபிளை ஒளித்தால் தூசிதான் படியும், ஈரலை ஒளித்தால் ஜூலை மாதத்தில் வீட்டில் உட்கார முடியாது. கூண்டுக்குள், கழுவக்கூடிய துண்டு ஒன்றை விரித்துச் சாப்பாடு போடுங்கள், தின்று முடித்ததும்தான் கதவைத் திறப்பது. மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். தூங்குகிற தொட்டிலுக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள், அதுதான் பிரதான கிடங்கு. துண்டையும் தொட்டிலையும் 60 டிகிரியில் துவையுங்கள்.

கடையில் அரைத்து உறையவைத்து விற்கிறதை வாங்கலாமா?

வாங்கலாம், பெரும்பாலும் நாய்க்கு என்று போட்டிருக்கும். காய்கறி கலந்தது வேண்டாம். லேபிளில் முழு உணவு என்று இருக்கிறதா, துணை உணவு என்று இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவது என்றால் அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. பிரிட்டனில் இதைத் தயாரிப்பவர்களுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும், எடுக்கிற மாதிரியில் சால்மொனெல்லா இருக்கவே கூடாது என்பது விதி. ஆனாலும் அது தொகுதியில் எடுத்த மாதிரியைச் சோதிப்பதுதான், உங்கள் கையில் இருக்கிற பொட்டலத்தை இல்லை. அரைத்ததை மட்டுமே தின்றால் பல்லுக்கு வேலை கிடைக்காது, இடையிடையே துண்டும் எலும்பும் வரட்டும்.

பாதி கிபிள், பாதி கறி என்று கொடுத்தால்?

இரண்டும் வேறு வேறு வேகத்தில் செரிக்கும், சேர்த்தால் ஆபத்து என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை, மாற்றுகிற காலத்தில் எல்லோரும் கலந்துதான் கொடுக்கிறோம். முழுக் கணக்கும் போட்டு நடத்த நேரமில்லை என்றால், கறி அதிகமுள்ள நல்ல கிபிளை அடிப்படையாக வைத்து அதோடு வாரம் சில வேளை இறக்கையோ சுண்டெலியோ கொடுப்பது மரியாதையான ஏற்பாடுதான்.

ஊருக்குப் போகும்போது யாரிடமாவது விட வேண்டியிருக்கிறதே?

இதனால்தான் மாற்றிய பிறகும் கிபிள் வாசனை மறக்காதபடி அவ்வப்போது ரெண்டு உருண்டை கொடுத்துவைக்கிறேன். பார்த்துக்கொள்ள வருகிறவர் எலியைத் தொட மாட்டார் என்றால் வேளைக்கு ஒரு டப்பாவாக அரைத்த கறியை உறையவைத்து, மேலே நாள் எழுதி அடுக்கிவிட்டுப் போங்கள். முந்தின இரவு ஒரு டப்பாவை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கிவைக்கச் சொல்லுங்கள், மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று கதவிலேயே சீட்டு ஒட்டுங்கள். அதுவும் அவருக்கு முடியாதென்றால் தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிற உறைந்துலர்ந்த கறி கிடைக்கிறது, விலை அதிகம், ஆனால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அதைத் தின்கிறதா என்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.